வேப்பில் (மின்சிகரெட்டில்) காயில் மாற்றியதும் கருகல் வாசனை. நானே காயில் சுற்றக் கற்றுக்கொள்ளலாமா?

[மட்டுறுத்துநர்: இந்த இழை 18 வயதுக்கு மேற்பட்ட, ஏற்கெனவே புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கு. புகைக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். எந்த நாட்டில் எது சட்டப்படி சரி என்பதை அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள்.]

ஈஸ்ட்ஹாம்_ராத்திரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சிகரெட்டை விட்டு டிஸ்போசபிள் (தீர்ந்ததும் தூக்கிப்போடும்) வேப்புக்கு வந்தவன் நான். 2025 ஜூன் 1 முதல் பிரிட்டன் முழுக்க டிஸ்போசபிள் விற்கத் தடை வந்ததால், லிக்விட் ஊற்றிக்கொள்ளும் டேங்க் ஒன்றும் சின்ன மாட் (பேட்டரியும் பட்டனும் உள்ள பெட்டி) ஒன்றும் வாங்கினேன். பெட்டியோடு வந்த முதல் காயில் (லிக்விட்டைச் சூடாக்கும் கம்பியும் பஞ்சும் உள்ள சின்ன உருளை) நன்றாகத்தான் ஓடியது. சுவை மங்கியதும் அடுத்ததை எடுத்து மாட்டினேன். முதல் இழுப்பிலேயே துணி கருகின மாதிரி வாசனை, தொண்டை எரிகிறது. பாக்கெட்டில் இருந்த இன்னொன்றையும் மாட்டிப் பார்த்தேன். அதுவும் அப்படியே.

விவரம் இதுதான்: 1.6 ஓம் காயில். மேலே 10–14 வாட் என்று பொறித்திருக்கிறது. பழைய டிஸ்போசபிளில் கிடைத்த 'கிக்' இல்லாததால் 18 வாட்டில் வைத்திருக்கிறேன். லிக்விட் 70/30, ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம், ஒரு மில்லிக்கு 3 மில்லிகிராம் நிகோடின்.

கூட வேலை பார்க்கும் பையன், "ரெடிமேட் காயிலே வேண்டாம், கம்பியும் பஞ்சும் வாங்கி நீயே சுற்று, காசும் மிச்சம்" என்கிறான். சுற்றுவது பெரிய வேலையா? ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியும். அவ்வளவுதான் நம் தகுதி.

கந்தல்துணி எழுதியது:

தம்பி, கொயிலில் குற்றம் இல்லை. நீங்கள் எழுதிய விவரத்திலேயே பதில் இருக்கிறது.

70/30 என்றால் 70 பங்கு வெஜிடபிள் கிளிசரின், 30 பங்கு புரொப்பிலின் கிளைக்கால். கிளிசரின் பாகு மாதிரி கெட்டி. 1.6 ஓம் கொயிலின் பக்கத்தில் இருக்கும் துளைகள் சின்னவை. அந்தக் கெட்டி லிக்விட் அதற்குள் வேகமாக இறங்காது. நீங்களோ 18 வாட்டில் சூடாக்குகிறீர்கள். உள்ளே இருக்கும் பஞ்சு நனைவதற்குள் காய்ந்துவிடுகிறது, காய்ந்தது கருகுகிறது. புரொப்பிலின் கிளைக்கால் 188 பாகை செல்சியஸில் கொதிக்கும், கிளிசரின் 290-இல். பஞ்சு ஈரமாக இருக்கும்வரை கம்பியின் சூட்டை லிக்விட் வாங்கிக்கொள்ளும். ஈரம் போனால் அந்தக் காவல் இல்லை. கம்பியின் சூடு ஒரு நொடியில் எங்கேயோ போய்விடும்.

ஒருதரம் கருகின பஞ்சு திரும்பாது. அந்த இரண்டு கொயிலையும் தூக்கிப் போடுங்கள்.

கிக் வராததற்கு வாட் காரணம் இல்லை, 3 மில்லிகிராம் நிகோடின்தான் காரணம். அந்த அளவு, பெரிய புகை விடும் சப்-ஓம் (ஒரு ஓமுக்குக் குறைந்த கொயில்) ஆட்களுக்கானது. உங்கள் டாங்கில் சிகரெட் மாதிரி வாயில் இழுத்துப் பிறகு உள்ளே விடுகிறீர்கள். இதற்கு 50/50 லிக்விட், 10 அல்லது 20 மில்லிகிராம் நிக் சால்ட் (உப்பு வடிவ நிகோடின்) பொருந்தும். இங்கே சட்டப்படி உச்சம் 20தான். டிஸ்போசபிளில் பெரும்பாலும் அதுதான் இருந்திருக்கும்.

புதுக் கொயில் மாட்டும்போது பக்கத் துளை ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு சொட்டு, மேல்வாயில் ஒரு சொட்டு விட்டு, பஞ்சு நனைந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு டாங்கைப் பூட்டுங்கள். நிரப்பிப் பத்து நிமிஷம் சும்மா வையுங்கள். பிறகு 10 வாட்டில் தொடங்கி மெல்ல ஏறுங்கள்.

டொரண்டோ_பனி எழுதியது:

அண்ணா சொல்வது சரிதான், ஆனா 10 வாட்டில் என்ன சுவை கிடைக்கப் போகுது? 0.2 ஓம் மெஷ் (கம்பிக்குப் பதில் வலைத்தகடு) காயில் போடுங்க ப்ரோ, 70 வாட், அதே ஸ்ட்ராபெரி லிக்விட் சும்மா பறக்கும். நான் மெக் மாடில்தான் ஓட்டுறேன். சர்க்யூட் கிடையாது, திரை கிடையாது, பட்டனை அமுக்கினா பேட்டரி நேரா காயிலுக்கு.

நியூகாசில்_அக்கா எழுதியது:

பனி தம்பி, முதல் வாரமே காயிலைக் கருக்கிக்கொண்டு நிற்கிறவரிடம் மெக் மாடைப் பற்றிப் பேசலாமா?

ஈஸ்ட்ஹாம் தம்பிக்கு ஒன்று கேட்கிறேன். நீங்கள் இதற்கு வந்தது சிகரெட்டை விடத்தானே? அப்படியென்றால் கையில் இருக்கும் டேங்க் ஒழுங்காக வேலை செய்தால் போதும். சுற்றுவது, பஞ்சு வைப்பது எல்லாம் ஒரு பொழுதுபோக்கு. நல்ல பொழுதுபோக்குதான், மறுக்கவில்லை. ஆனால் அது சரியாக வராத நாளில் கை பழைய இடத்துக்குத்தான் போகும், பெட்டிக்கடை சிகரெட்டுக்கு. வெளியே போகும்போது ரெடிமேட் காயில் இரண்டு பையில் கிடந்தால் அந்தப் பிரச்சினை இல்லை. எங்கள் வீட்டுக்காரர் அப்படித்தான் விட்டார். இன்று வரை ஒரு கம்பியும் சுற்றியதில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

காசு மிச்சம் என்கிற பேச்சுக்கு மட்டும் வருகிறேன். விலை கடைக்குக் கடை மாறும், நான் வாங்கும் இடத்தை வைத்துச் சொல்கிறேன்.

ரெடிமேட் காயில் ஐந்து கொண்ட பாக்கெட் 10 முதல் 12 பவுண்டு. ஒன்று ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை வரும். ஆக மாதம் நான்கு முதல் பத்து பவுண்டு, நடுவில் ஏழு என்று வையுங்கள். நாமே சுற்றினால் பத்து மீட்டர் கம்பிச் சுருள் சுமார் 4 பவுண்டு. கைக்கு அடக்கமாக 12 சென்டிமீட்டர் வெட்டினாலும் 80 காயிலுக்குக் குறையாது. பஞ்சுப் பாக்கெட் ஒன்று பல மாதம் வரும். ஆனால் சுற்றுவதற்கான ஆர்டிஏ டேங்க், கத்தரி, பீங்கான் முனை சாமணம், ஓம் மீட்டர் என்று முதலில் 40, 50 பவுண்டு போய்விடும். அரை வருடத்துக்கு மேல் ஓட்டினால்தான் கைக்கு வரும்.

உண்மையான செலவு லிக்விட். 2026 அக்டோபர் 1 முதல் 10 மில்லிக்கு 2.20 பவுண்டு வரி என்று அறிவித்திருக்கிறார்கள், நிகோடின் இல்லாத லிக்விட்டுக்கும் சேர்த்து. ஆர்டிஏ வாங்கியவர்கள் நிறையப் பேர் பெரிய காயில் போட்டு லிக்விட்டைத் தண்ணீராகக் குடிக்க வைத்துவிடுகிறார்கள். அப்போது காயிலில் மிச்சம் பிடித்தது எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட்ஹாம்_ராத்திரி எழுதியது:

அண்ணா, 50/50 வாங்கி, சொட்டு விட்டு ஊற வைத்து, 12 வாட்டில் வைத்தேன். கருகல் இல்லை. நன்றி! 10 மில்லிகிராம் சால்ட்டே போதுமாக இருக்கிறது.

அக்கா சொல்வது புரிகிறது, ரெடிமேட் காயிலைப் பையில் வைத்துக்கொள்கிறேன். ஆனாலும் சுற்றிப் பார்க்கவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் தூக்கம் வருவதற்குள் கை சும்மா இருப்பதில்லை. எதில் தொடங்கலாம்?

கந்தல்துணி எழுதியது:

சரி, ஆசை இருந்தால் செய்யலாம். அக்காவும் பனியும் கோபிக்கக் கூடாது.

முதலில் ஒன்று. இப்போது இருக்கும் டாங்கின் ரெடிமேட் கொயிலைப் பிரித்துப் புதுப்பஞ்சு வைக்க முயலாதீர்கள். பத்து வருடம் முன்பு ஆட்கள் அதைச் செய்தார்கள், குண்டூசியால் தோண்டி. இன்றைய கொயில்கள் அழுத்தி மூடினவை, பிரித்தால் ரப்பர் வளையம் கிழியும், உள்ளே கம்பிக்கால் உறையில் பட்டு ஷார்ட் ஆகும். சுற்றுவதற்கென்றே செய்த ஆர்டிஏ வாங்குங்கள். அதில் டெக் என்று ஒரு மேடை, இரண்டு போஸ்ட் (சின்னத் தூண்), ஒவ்வொன்றிலும் ஒரு திருகு. ஒற்றைக் கொயில், வாய் இழுப்புக்கு ஏற்ற குறுகின காற்றுத் துளை. இரட்டைக் கொயில் டெக் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

கம்பி: காந்தல் ஏ1, 28 கேஜ். இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த உலோகக் கலவை. விறைப்பாக நிற்கும், சுற்றின வடிவத்தை விடாது. நிக்ரோம் 80 சீக்கிரம் சூடாகும், ஆனால் நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக்கூடாது. நிக்கல் 200, டைட்டானியம் இரண்டும் டெம்பரேச்சர் கன்ட்ரோலுக்கு. உங்கள் மாட் அந்த முறையில் இல்லாதபோது அவற்றை மாட்டவே கூடாது.

28 கேஜ் காந்தலை 2.5 மில்லிமீட்டர் தண்டில் ஆறு சுற்று சுற்றினால் கால்கள் (இரண்டு பக்கமும் நீளும் கம்பி நுனிகள்) சேர்த்து 1.1 ஓம் கிட்ட வரும். ஏழு சுற்று என்றால் 1.3 பக்கம். 2.5 மில்லிமீட்டர் துரப்பண ஊசி ஒன்று இருந்தால் அதன் வழவழப்பான தண்டில் சுற்றலாம். சுற்றுகளுக்கு நடுவே ஒரு முடி இடைவெளி விடுங்கள். நெருக்கிச் சுற்றும் முறை அழகாக இருக்கும், ஆனால் பாதி ஒட்டி, பாதி ஒட்டாமல் போனால் ஓரிடம் மட்டும் சிவந்து எரியும். இடைவெளி விட்டால் அந்தத் தலைவலி குறைவு.

திருகின் தலை எந்தப் பக்கம் திரும்புமோ அந்தப் பக்கத்திலேயே காலைப் போடுங்கள். இறுக்கும்போது திருகு கம்பியை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபக்கம் போட்டால் வெளியே தள்ளும். உயிரை விட்டு இறுக்க வேண்டாம், 28 கேஜ் அறுந்துவிடும். ஊசியை உருவாமல் வைத்தே கொயிலைக் காற்றுத் துளைக்கு நேர் மேலே, ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். போஸ்டிலோ மேடையிலோ படக்கூடாது. மிச்சக் காலைப் போஸ்டோடு ஒட்ட வெட்டுங்கள். நீட்டிக்கொண்டு நின்றால் மேல்மூடி போட்டதும் அதில் தொடும், ஷார்ட்.

பட்டனை அமுக்கும் முன் மாட்டின் திரையில் ஓமைப் பாருங்கள். 1.1 எதிர்பார்த்து 0.3 காட்டினால் எங்கேயோ தொடுகிறது, அமுக்காதீர்கள். சரியாக இருந்தால் 8 வாட்டில் ஒரு நொடி, விட்டு, ஒரு நொடி. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்கின சிவப்பு வரவேண்டும். ஒரு மூலையில் மட்டும் பளிச்சென்று எரிந்தால் ஆறவிட்டுப் பீங்கான் சாமணத்தால் சுற்றுகளை மெல்லக் கோதிவிடுங்கள். இரும்புச் சாமணத்தை வைத்துக்கொண்டு பட்டனை அமுக்குகிற ஆட்களை நான் கடையில் கண்டிருக்கிறேன். அது கொயில் இல்லை, ஷார்ட் சர்க்யூட்.

பஞ்சு பற்றி நாளைக்கு எழுதுகிறேன். அது தனிக் கதை.

பால்கோவா எழுதியது:

அண்ணா பஞ்சு எழுதுவதற்குள் ஒரு சின்னக் கேள்வி. சுவையில்லாத லிக்விட் வாங்கி, அதில் கேக்குக்குப் போடும் ஏலக்காய் எசென்ஸ் இரண்டு சொட்டு விட்டால் என்ன? எங்கேயும் ஏலக்காய் லிக்விட் கிடைப்பதில்லை.

நியூகாசில்_அக்கா எழுதியது:

கூடவே கூடாது. சமையல் எசென்ஸ் பலவற்றில் எண்ணெய் இருக்கும், சிலவற்றில் சர்க்கரை. எண்ணெய் வயிற்றுக்குப் போனால் செரிக்கும், நுரையீரலுக்குப் போனால் அதை வெளியேற்ற எளிய வழி இல்லை. 2019-இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்களுக்கு வந்த நுரையீரல் பாதிப்பு நினைவிருக்கிறதா? 2020 பிப்ரவரி வரை 2,807 பேர், அதில் 68 பேர் இறந்துபோனார்கள். முக்கியமாகக் குற்றம் சாட்டப்பட்டது கஞ்சாச் சத்து கார்ட்ரிஜ்களில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட். அதுவும் எண்ணெய்ப் பசைதான். தேங்காய் எண்ணெய், ஏலக்காய் எண்ணெய், யூகலிப்டஸ் எதுவும் டேங்க் பக்கம் வரக்கூடாது.

ஏலக்காய் வேண்டுமென்றால் டீயில் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி.

கந்தல்துணி எழுதியது:

அக்கா சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

பஞ்சுக்கு வருவோம். புதியவர்கள் எல்லோரும் கம்பியைப் பற்றியே கேட்கிறார்கள். எத்தனை கேஜ், எத்தனை சுற்று, முறுக்குக் கம்பியா, தட்டைக் கம்பியா. கம்பி அரை சுற்றுக் கூடினாலும் குறைந்தாலும் டாங்க் வேலை செய்யும். பஞ்சு தவறினால் ஒன்று கருகும், அல்லது சட்டைப்பை நனையும். பாதி ஆட்கள் ஆர்டிஏயை அலமாரியில் போட்டுவிட்டுப் போவது பஞ்சால்தான்.

விளக்குத் திரி போட்டவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். இறுக்கி முறுக்கின திரி எண்ணெயை ஏற்றாது, நுனி மட்டும் கருகும். தளர்த்தினால் எண்ணெய் தானாக ஏறும்.

எந்தப் பஞ்சு: வேப்புக்கென்று விற்கும் ஆர்கானிக் பஞ்சு, அல்லது வெளுக்காத ஜப்பான் பஞ்சுப் பட்டை. பட்டையின் மேல்தோலையும் அடித்தோலையும் உரித்துவிட்டு நடுவை எடுங்கள். முகம் துடைக்கும் பஞ்சு உருண்டை வேண்டாம். சிலவற்றில் பாலியெஸ்டர் கலப்பு இருக்கிறது, சூட்டில் உருகும்.

நார் ஓடும் திசையில் ஒரு பட்டை கிழியுங்கள், குறுக்கே அல்ல. ஒரு நுனியை முறுக்கிக் கூராக்கிக் கொயிலுக்குள் நுழையுங்கள். இழுக்கும்போது இலேசான பிடிப்புத் தெரியவேண்டும். பஞ்சோடு கொயிலும் சாய்ந்து வந்தால் அதிகம், பாதியாகக் குறையுங்கள். வழுக்கிக்கொண்டு ஓடினால் குறைவு. நனைந்ததும் பருத்தி கொஞ்சம் உப்பும், அதற்கு இடம் வேண்டும். ரேயான் நார் அவ்வளவு உப்பாது, அதைப் பாவிப்பவர்கள் கொஞ்சம் இறுக்கமாகவே வைப்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. யூடியூபில் ரேயானை வைத்துச் சொன்னதைப் பார்த்துவிட்டுப் பருத்தியை அடைப்பதும் நடக்கிறது.

இனித்தான் முக்கியம். இரண்டு பக்கமும் தொங்கும் வாலை மேடையின் விளிம்பு அளவுக்குச் சாய்த்து வெட்டுங்கள். சாமணத்தின் நுனியால் அல்லது ஊசியால் வாலைச் சீவுங்கள். தளர்ந்த நார் கையோடு வரட்டும். கொயிலுக்குள் இருக்கும் பருமனில் வால் பாதி, முக்கால் என்று மெலியவேண்டும். பிறகு வாலில் லிக்விட் விட்டு நனைத்து, ஜூஸ் (லிக்விட்) ஏறும் வாய்க்காலில் மெதுவாகப் படியவையுங்கள். குத்தி அடைக்காதீர்கள். அதேநேரம் வாய்க்காலை முழுவதும் மூடவேண்டும், வெளிச்சம் தெரியும் இடைவெளி இருக்கக் கூடாது.

ஏன் இந்த இரண்டு கட்டாயம்? டாங்கின் உள்ளே லிக்விட்டைப் பிடித்து வைத்திருப்பது வெற்றிடம். மேலே மூடியிருக்கும், கீழே நனைந்த பஞ்சுதான் கதவு. நீங்கள் இழுக்கும்போது லிக்விட் வெளியேறும், அதற்கு ஈடாக ஒரு சின்னக் குமிழி உள்ளே போகும். கண்ணாடியில் குமிழி ஏறுவது நல்ல அறிகுறி. பஞ்சில் ஓட்டை இருந்தால் காற்று இஷ்டத்துக்கு நுழையும், வெற்றிடம் போய்விடும், லிக்விட் காற்றுத் துளை வழியாக இறங்கும். பஞ்சு அடைத்திருந்தால் குமிழியே வராது, அடுத்த இழுப்பில் கருகல்.

நிரப்பும்போது ஜூஸ் கட்டுப்பாடு (லிக்விட் வாய்க்காலை அடைக்கும் அமைப்பு) இருந்தால் மூடிவிட்டு நிரப்புங்கள். இல்லையென்றால் காற்றுத் துளையை மூடுங்கள். மேல்மூடியைத் திறந்த கணம் வெற்றிடம் போகிறது, அதுதான் காரணம்.

டொரண்டோ_பனி எழுதியது:

பஞ்சு விஷயத்தில் அண்ணாதான் குரு. 

ஆனா கம்பியை ஏன் தூக்கிப் போடணும்? பஞ்சை எடுத்துட்டு, காயிலைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, தண்ணியில் காட்டினா கரி எல்லாம் உதிர்ந்திடும். ஒரே காந்தல் காயிலை வருஷக்கணக்கா ஓட்டுறவங்க இருக்காங்க.

நியூகாசில்_அக்கா எழுதியது:

கம்பியை வெள்ளையாகும் வரை காய்ச்சுவதை நான் ஏற்கமாட்டேன். அந்தச் சூட்டில் உலோகத்தின் மேற்பரப்பு என்னாகிறது, பிறகு இழுக்கும் ஆவியில் என்ன சேர்கிறது என்ற கேள்வி இருக்கிறது. பத்துப் பென்ஸ் கூடப் பெறாத கம்பிக்கு ஏன் இந்த வம்பு?

கந்தல்துணி எழுதியது:

இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறேன். காந்தலில் இருக்கும் அலுமினியம் முதல் சூட்டிலேயே மேலே ஒரு ஆக்சைடுத் தோல் போடும். அதனால்தான் அடுப்புக் கம்பிகளுக்கும் இதைப் பாவிக்கிறார்கள். மங்கின சிவப்பில் ஓரிரு தரம் காய்ச்சி, மாட்டிலிருந்து கழற்றிய பிறகு தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவிட்டுப் புதுப் பஞ்சு வைக்கலாம். வெள்ளைச் சூடு வேண்டாம். கம்பியில் கறுப்பு ஒட்டிக்கொண்டு உதிரவில்லை என்றால் புதிதாகச் சுற்றுவதுதான் மரியாதை. டைட்டானியம், நிக்கல் கம்பிகளை ஒருபோதும் காய்ச்சக் கூடாது. பஞ்சு உள்ளே இருக்கும்போது எந்தக் கம்பியையும் காய்ச்சக் கூடாது, இதைச் சொல்லவேண்டியிருக்கிறதே என்று சிரிக்காதீர்கள்.

அந்தக் கரி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பாதி, இனிப்பிலிருந்து. சுக்ரலோஸ் போட்ட ஐஸ்கிரீம், டெசர்ட் லிக்விட்கள் கொயிலைச் சில நாளிலேயே கறுப்பாக்கும். புதினா, வெறும் புகையிலைச் சுவை போன்றவை பல மடங்கு நீடிக்கும். பஞ்சை வாரம் ஒருதரம் மாற்றுங்கள், கம்பியை அவ்வளவு அடிக்கடி மாற்றத் தேவையில்லை.

கருகலை வெறும் சுவைக் கேடு என்று நினைக்கக் கூடாது. காய்ந்த பஞ்சில் சூடேறும்போது கிளைக்காலும் கிளிசரினும் உடைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்றவை உண்டாகும். 2015-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஒரு கடிதத்தில் 5 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடு சேர்மங்கள் கிடைத்தன என்றும் 3.3 வோல்ட்டில் கிடைக்கவில்லை என்றும் எழுதினார்கள். அந்த 5 வோல்ட் நிலையில் மனிதர் எவரும் இழுக்கமாட்டார், அது காய்ந்த கொயில் என்று மறுப்பும் வந்தது. எங்களுக்கு வேண்டியது அந்தச் சண்டையின் நடுவில் இருக்கிறது: கருகல் வாசனை வந்தால் நிறுத்து. இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும் என்று இழுக்காதே.

ஈஸ்ட்ஹாம்_ராத்திரி எழுதியது:

ஆர்டிஏ வாங்கிவிட்டேன். நாளை காயில். அதற்கு முன் பேட்டரி சந்தேகம். என் மாடில் ஒற்றை 18650 பேட்டரி. காயில் ஓம் குறைந்தால் ஆபத்து என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. 1.1 ஓம் பரவாயில்லையா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

கணக்கு என்றால் நான் வருகிறேன்.

பனி வைத்திருக்கும் மெக் மாடுக்கு ஓம் விதி நேரடியாகப் பொருந்தும். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி 4.2 வோல்ட். 0.2 ஓம் காயில் போட்டால் 4.2-ஐ 0.2-ஆல் வகுக்க 21 ஆம்பியர். நல்ல 18650 பேட்டரிகள் தொடர்ந்து தாங்கும் அளவே 15 முதல் 20 ஆம்பியர்தான், சிலது 25. அப்படியென்றால் எல்லைக்கு வெளியே நிற்கிறார். 1.1 ஓம் என்றால் 3.8 ஆம்பியர், ஒன்றும் இல்லை.

உங்கள் மாட் அப்படி அல்ல. நடுவில் சர்க்யூட் இருக்கிறது. பேட்டரியிலிருந்து போகும் மின்சாரத்தை முடிவு செய்வது காயிலின் ஓம் அல்ல, நீங்கள் வைக்கும் வாட். வாட்டை, பேட்டரி தீரும் தறுவாயில் இருக்கும் வோல்ட்டால் வகுங்கள், 3.2 என்று வையுங்கள். 12 வாட் என்றால் நான்கு ஆம்பியருக்குள். 80 வாட் என்றால் 25. ஒற்றைப் பேட்டரியில் 80 வாட் போடுகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. ஓம் அதிகமாகத்தானே இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள்.

நியூகாசில்_அக்கா எழுதியது:

கணக்கு சரி. ஆனால் விபத்துகளில் நிறைய, சட்டைப்பையில்தான் நடக்கின்றன. உதிரி பேட்டரியைச் சாவிக்கொத்து, சில்லறையோடு போட்டால் இரண்டு முனையும் உலோகத்தால் இணைந்துவிடும். ஒரு பவுண்டுக்குப் பிளாஸ்டிக் உறை கிடைக்கிறது, அதில் போடுங்கள். மேல்தாள் கிழிந்த பேட்டரியை அப்படியே போடாதீர்கள். கடையில் புதுத்தாள் போட்டுத் தருவார்கள். பழையதை வீட்டுக் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது, கடையில் கொடுங்கள்.

நிகோடின் பாட்டிலும் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில். பூனை, நாய் உள்ள வீட்டில் ஊறின பழைய பஞ்சையும் தரையில் விடாதீர்கள்.

டொரண்டோ_பனி எழுதியது:

சரி சரி, 0.2-ஐக் கழற்றிட்டு 0.35 போட்டுட்டேன். 12 ஆம்பியர். கணக்குப்பிள்ளைக்குத் திருப்தியா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

பேட்டரிக்குத் திருப்தி.

ஈஸ்ட்ஹாம்_ராத்திரி எழுதியது:

சுற்றிவிட்டேன்! ஆறு சுற்று, 1.12 ஓம். சுவை ரெடிமேடை விடத் தெளிவு, பொய் சொல்லவில்லை. ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் மேசையில் ஒரு குட்டை. காற்றுத் துளை வழியாக வடிந்திருக்கிறது. படம் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று, டிசம்பரில் மதுரைக்குப் போகிறேன். இந்தச் செட்டை எடுத்துப் போகலாமா? சிங்கப்பூர் வழியாக டிக்கெட்.

கந்தல்துணி எழுதியது:

படம் பார்த்தேன். இடது பக்க வால் குட்டை, வாய்க்காலின் பாதியில் நிற்கிறது. அந்தக் கறுப்பு இடைவெளிதான் வழி. கொயிலைத் தொடாமல் பஞ்சை மட்டும் மாற்றுங்கள். இந்தமுறை வாலை இரண்டு மில்லிமீட்டர் நீளமாக விட்டு வெட்டுங்கள். கூடினால் குறைக்கலாம், குறைந்தால் ஒட்டமுடியாது. கண்ணாடிக்கு மேலும் கீழும் இருக்கும் ரப்பர் வளையங்களையும் ஒருதரம் பாருங்கள், மடிந்திருந்தால் அதுவும் வடியும்.

பயணம் பற்றி இந்தியாக்காரர் யாராவது சொல்லுங்கள்.

பால்கோவா எழுதியது:

எடுத்துப் போகவே போகாதீர்கள். இந்தியாவில் வேப் தடை 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து, அதே வருடம் சட்டமாகவே ஆனது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் தடை. முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைப்பதற்குத் தனியாக ஆறு மாதம், 50,000 ரூபாய். நம் பையில் ஒன்றுதானே என்று விமான நிலையத்தில் விவாதம் செய்யும் நிலைக்குப் போகவேண்டாம். சிங்கப்பூர் இன்னும் கறார், 2018 பிப்ரவரியிலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம்.

நியூகாசில்_அக்கா எழுதியது:

போகும் முன்பே பார்மசியில் நிகோடின் பேட்ச், சூயிங்கம் வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள். ஊரில் சொந்தக்காரர்களோடு டீக்கடைக்குப் போகும்போதுதான் சோதனை. அப்போது கம் கையில் இருக்கட்டும்.

ஈஸ்ட்ஹாம்_ராத்திரி எழுதியது:

சரி, வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். நல்லவேளை கேட்டேன்.

பஞ்சு மாற்றியாகிவிட்டது, வடியவில்லை, குமிழி அழகாக ஏறுகிறது. ஆனால் ஓம் 1.12-இல் தொடங்கி இப்போது 1.3, சில நேரம் 1.45 காட்டுகிறது. மாட் நடுநடுவே "புதுக் காயிலா?" என்று கேட்கிறது. காயில் தேய்கிறதா?

கந்தல்துணி எழுதியது:

தேயவில்லை. கம்பி சூடு கண்டு ஆறினதில் திருகு தளர்ந்திருக்கும். முதல் சில நாளில் நடப்பதுதான். டாங்கைக் கழற்றி, நன்றாக ஆறின பிறகு இரண்டு திருகையும் கால் சுற்று இறுக்குங்கள். மாட்டின் மேல்புறப் பித்தளை முனையையும் டாங்கின் அடிமுனையையும் காய்ந்த டிஷ்யூவால் துடையுங்கள், லிக்விட் பிசுக்கு இருந்தாலும் ஓம் ஆடும். மாட் கேட்கும்போது கொயில் சூடாக இருந்தால் "புதிது" என்று அமுக்காதீர்கள், சூடான அளவை அடிப்படையாக எடுத்துக்கொள்ளும். ஆறின பிறகு மாட்டி, அப்போது பதில் சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம்_ராத்திரி எழுதியது:

இடது திருகு தளர்ந்துதான் இருந்தது அண்ணா. இப்போது 1.12, நகரவில்லை. அடுத்து நிக்ரோம் பார்க்கலாமா?

கந்தல்துணி எழுதியது:

நிக்கல் ஒவ்வாமை இல்லையென்றால் பாருங்கள். அதே 28 கேஜ், அதே 2.5 மில்லிமீட்டர், ஆறு சுற்றுக்கு 0.85 கிட்ட வரும். 1.1 வேண்டுமென்றால் எட்டுச் சுற்று. டெக்கில் எட்டுச் சுற்றுக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்துவிட்டுக் கம்பி வாங்குங்கள்.